மூப்பு ஒரு குற்றமா?

தஞ்சைக் கடைத்தெருவில் அரிசி வாங்கச் செல்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "பழைய அரிசிதானே?" என்பது. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரும். ஆகவே பழையதற்கு விலை கூடுதல். கல்லணையின் பழமையைச் சொல்லிக் கரிகாலன் பெயரால் பெருமிதம் கொள்கிறோம். 1010-இல் எழுந்து முடிந்த பெரிய கோயிலுக்கு 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தோம். அரிசி பழகினால் மதிப்பு. அணை பழகினால் பெருமை. கோபுரம் பழகினால் கொண்டாட்டம்!

அந்த அரிசியை விளைவித்தவன், அந்த ஆற்று நீரைப் பாய்ச்சி வரப்பைக் கட்டியவன் மட்டும் பழகிவிட்டால்? "கிழம் ஆகிவிட்டது, இனி இவனால் என்ன பயன்?" என்கிறார்கள். கல் மூத்தால் சிறப்பு. மனிதன் மூத்தால் சுமை. இதுதான் காவிரிக் கரையின் கணக்கு. இந்தக் கணக்கைத்தான் நாம் தப்புக் கணக்கு என்கிறோம். தப்பு மட்டுமன்று, மோசடிக் கணக்கு என்கிறோம்.

ஆலையில் ஒருவரை நீக்கினால் அவர் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். அந்தத் தாளைக் கொண்டு சங்கத்துக்குச் செல்லலாம், நீதிமன்றம் ஏறலாம். டெல்டாவின் வயலில் தாள் இல்லை. நேற்று வரை வந்த அழைப்பு இன்று வராது, அவ்வளவுதான்! ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவைப் பேசி முடித்த மேஸ்திரி, விடியற்காலையில் தெருவுக்குள் வருகிறார். ஐந்து வீடுகளில் நின்று ஆள் கூப்பிடுகிறார். ஆறாவது வீட்டைக் கடந்து போகிறார். அந்த வீட்டில் இருப்பவள் முப்பது ஆண்டுகள் நாற்று நட்டவள். அவள் கை தளர்ந்துவிட்டது. கும்பலின் வேகத்துக்கு அவள் தடை. அவளை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை, கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விடுவதே வேலைநீக்கம். ஓசையில்லாத வேலைநீக்கம்! காரணம் கேட்க வழியில்லாத வேலைநீக்கம்!

இது நெல்வயலுக்கு மட்டும் உரிய கொடுமை என்று எண்ணிவிட வேண்டாம். இதே மண்ணில், இரும்பும் நெருப்பும் கொண்டு உழைத்தவர்கள் மீதும் இந்தத் தராசு ஏவப்பட்டது. நாகப்பட்டினத்தில் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை இருந்தது. நாகை அன்று தஞ்சை மாவட்டத்து ஊர். அந்தப் பணிமனையையும் போத்தனூர்ப் பணிமனையையும் திருச்சிக்கு அருகே பொன்மலைக்குக் கொண்டு செல்ல வெள்ளைக்காரக் கம்பெனி முடிவு செய்தது. முடிவோடு இன்னொன்றும் வந்தது: மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாதவர்கள்! யார் வேண்டாதவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொழில் திறமைக்குத் தேர்வு வைத்துப் பார்ப்போம் என்றது கம்பெனி. 1928 ஜூலையில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தென்னிந்திய இரயில் பாதை கொந்தளித்தது. வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. முன்னின்ற சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறையேகினர்.

அந்தத் தேர்வை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! ஆண்டுக்கணக்கில் ஒருவனிடம் வேலை வாங்கிய கம்பெனிக்கு அவன் திறமை தெரியாதா? சக்கரங்கள் சுழன்ற நாளெல்லாம் தெரிந்திருந்த திறமை, ஆட்குறைப்பு நாளில் மட்டும் ஐயத்துக்குரியதாவது எப்படி? அப்படி ஒரு தேர்வு வைத்தால், யார் கண் மங்கியிருக்கும்? யார் கை நடுங்கும்? கண்ணையும் கையையும் கம்பெனிக்கே கொடுத்தவன்தானே தோற்பான்? "திறமை" என்பது அழகான சொல். ஆனால் ஆட்குறைப்பின்போது முதலாளி வாயிலிருந்து வரும்போது, அந்தச் சொல்லின் முதுகுப்புறத்தில் "வயது" என்று எழுதியிருக்கிறது. அன்றைய தொழிலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார்கள், படித்தார்கள், போர்க்கொடி தூக்கினார்கள்.

வயலுக்குத் திரும்புவோம். பண்ணையாள் முறை இருந்த காலத்தில் உழைப்பாளி பண்ணையோடு கட்டுண்டு கிடந்தான். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கிழவனுக்குக் கஞ்சி கிடைத்தது என்று இன்று சிலர் உருகுகிறார்கள். கிடைத்தது, எப்படி? கிழவன் தளர்ந்தால் அவன் மகன் அதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தான். தந்தையின் கஞ்சிக்கு மகனின் விடுதலை விலை! அதைக் கருணை என்போர், கூண்டில் தீனி வைப்பதையும் கருணை என்பார்கள். பிறந்த சாதியைக் காட்டித் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நிறுத்தப்பட்ட ஆதிதிராவிட மக்களுக்குத்தான் அந்தக் கூண்டு பெரும்பாலும் கட்டப்பட்டது.

கூண்டை உடைக்கப் போராட்டம் எழுந்தது. சீனிவாசராவ் போன்றோர் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினர். 1948-இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952-இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியை வரையறுத்தது, காரணமின்றி நீக்கக் கூடாது என்றது, தகராறு தீர்க்க அதிகாரிகளை வைத்தது. ஆயினும், ஒரு கிராமத்தில் ஒரு வேலி நன்செய், அதாவது 6⅔ ஏக்கர், இல்லாத நிலவுடைமையாளருக்கு அது பொருந்தாது என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது.

மிராசுதாரர்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளைக் காப்பாற்றத்தானே சட்டம்? பண்ணையாளே இல்லையென்றால்? நிலையான ஆளைக் கழித்துவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். நேற்றைய பண்ணையாள் இன்றைய தினக்கூலி. பண்ணையாளுக்குச் சட்டம் உண்டு. தினக்கூலிக்கு விடியல் மட்டுமே உண்டு! ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவனுக்கு முதுமை என்ன செய்யும்? ஒவ்வொரு நாள் காலையிலும் அவனைத் தோற்கடிக்கும். கூண்டு உடைந்தது நன்று. ஆனால், கூண்டிலிருந்து வெளியேறியவனுக்குக் கூரை கட்டித் தராமல் விட்டோமே, அதுதான் இன்றும் தீராத கடன்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. கூலி நெல்லுக்கான கோரிக்கையும், உள்ளூர் ஆளை ஒதுக்கி வெளியாளை அறுவடைக்கு இறக்கியதும் அந்தப் பகையின் வேரில் இருந்தன. அந்த நெருப்புக்குப் பிறகு 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. உழைக்கும் நாளுக்கு என்ன கூலி என்பதற்கு ஒரு விடை கிடைத்தது. உழைத்து ஓய்ந்த நாளுக்கு என்ன என்ற கேள்வி மட்டும் வரப்பின் மேலேயே நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடையே இல்லையா? இருக்கிறது, மற்றவர்களுக்கு இருக்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது: ஆட்குறைப்புச் செய்தால், கடைசியில் வந்தவரே முதலில் வெளியேற வேண்டும், மாறாகச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நீக்கப்படுபவருக்கு, உழைத்து முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த முறை தொடர்கிறது. இந்த விதியின் உட்பொருள் என்ன? ஆண்டுகள் கூடக் கூட ஆளின் உரிமை கூட வேண்டும் என்பது. வயலில் நடப்பதோ தலைகீழ்: ஆண்டுகள் கூடக் கூட உரிமை தேய்கிறது, முதலில் வந்தவரே முதலில் வெளியேறுகிறார்.

1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. தொழிற்சாலை, சுரங்கம், எண்ணெய்க் கிணறு, தோட்டம், துறைமுகம், இரயில் என்று பட்டியல் போட்டது. வால்பாறையில் தேயிலை கிள்ளிய கைக்குப் பணிக்கொடை உண்டு. வலங்கைமானில் நாற்று நட்ட கைக்கு? பட்டியலில் நெல் வயல் என்ற சொல்லே இல்லை; புதிய தொகுப்பின் பட்டியலிலும் இல்லை. தேயிலையும் செடி, நெல்லும் செடி. அங்கே குனிந்ததும் முதுகு. இங்கே குனிந்ததும் முதுகு. தேநீர் இல்லாமல் நாடு ஒரு நாள் இருந்துவிடும்; சோறு இல்லாமல் இருக்குமா?

அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி அரசு பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. வயது அந்த வரிசையில் இல்லை. 41-ஆவது பிரிவு முதுமையிலும் வேலையில்லாத காலத்திலும் அரசு உதவ வேண்டும் என்கிறது. ஆனால் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்று கைகழுவவும் வழி வைக்கிறது. அது நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையன்று. அரசுக்குச் சொன்ன அறிவுரை. முதலாளித்துவத்தின் தாயகம் என்று சொல்லப்படும் அமெரிக்காவிலேயே, 40 வயதைக் கடந்தவரை வயதைக் காட்டி வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 1967-இல் சட்டம் போட்டார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நாம் கூறவில்லை. குற்றத்துக்குப் பெயராவது வைத்தார்கள் என்கிறோம். இங்கே அது குற்றம் என்றே பெயர் பெறவில்லையே!

"இயந்திரம் வந்துவிட்டது, காலம் மாறிவிட்டது" என்பார்கள். நாம் இயந்திரத்தின் பகைவர்கள் அல்லர். முதுகு ஒடிய அறுத்துக் கட்டிச் சுமந்து அடித்த வேலையை, அறுவடை இயந்திரம் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது என்றால் மகிழ்கிறோம். மனிதன் மாடாக உழைப்பது மாண்பு என்று பாடும் கூட்டத்தில் நாம் இல்லை. நாம் கேட்பது ஒன்றே: இயந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பின் பயன் யாருக்குப் போயிற்று? இளைஞன் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறினான். கிழவன் எங்கே ஏறுவான்? வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரம் ஓய்வைத் தந்திருக்க வேண்டும். அது தந்தது பட்டினியை. ஓய்வுக்கும் வேலையின்மைக்கும் வேற்றுமை என்ன? இரண்டிலும் கை சும்மாதான் இருக்கிறது. ஒன்றில் உலை கொதிக்கிறது, மற்றொன்றில் கொதிக்கவில்லை.

நூறு நாள் வேலையைச் சொல்லுவார்கள். 2005-இல் வந்த அந்தச் சட்டத்துக்கு உச்ச வயது கிடையாது. ஆகவே வயல் ஒதுக்கிய மூதாட்டிகள் அங்கே போய் மண்வெட்டி பிடித்தார்கள். உடனே கேலி! "கிழவிகள் மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்று நகைத்தார்கள். நகைத்தவர் யார்? குளிர்சாதன அறையில் அமர்ந்து, ஓய்வு பெற்ற பின் ஓய்வூதியத்தையும் எதிர்பார்த்திருப்பவர்கள்! தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆயிற்று. 2021-இல் 60 ஆயிற்று. மேசைக்கு முன் அமர்ந்த கை அறுபதிலும் திறமையான கை. சேற்றில் இறங்கிய கை ஐம்பதிலேயே கழிவுப் பொருளா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 என்றார்கள். அதோடு, விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஏன்? வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்! நடவுக்காரர் அழைக்காத மூதாட்டியை, அறுவடை இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட முதியவரை, எந்த வயல் வரவேற்கப் போகிறது? வயலும் கதவடைத்து, அரசும் கதவடைக்கும் அந்த 60 நாளும் அவர்கள் உண்ண வேண்டியது என்ன, காற்றா? சட்டம் எழுதியவர் கண்ணில் உழைப்பாளி என்றால் இளைஞன் மட்டுமே தெரிந்திருக்கிறான்.

"முதியோர் உதவித்தொகை தருகிறோமே" என்ற குரல் வரும். தருகிறார்கள், மறுக்கவில்லை. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. முன்னோடியான திட்டம்தான். 1,200 என்றால் நாளுக்கு 40 ரூபாய்! ஒன்றிய அரசின் திட்டமோ 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு 200 ரூபாய் என்று வைத்தது. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. தொகை மட்டுமா குறை? ஐம்பதில் வயல் கைவிடுகிறது; அறுபதில்தான் உதவி வருகிறது. இடைப்பட்ட பத்தாண்டுக்கு யார் பொறுப்பு? பிறந்த நாளை எழுதி வைக்காத தலைமுறை அந்த அறுபதை மெய்ப்பிக்கவும் அலைய வேண்டும். ஆதரவற்றவர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். கடைசியில் விரலை வைக்கச் சொன்னால், களையெடுத்தும் கதிர் அறுத்தும் தேய்ந்த ரேகை இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. உழைத்ததற்கு இதைவிடச் சான்று எங்கே உண்டு? அந்தச் சான்றே அவருக்குத் தடையாகிறது!

ஆதரவற்றவர் என்று சொல்லிக் கை நீட்டினால் கிடைப்பது தருமம். உழைத்தேன் என்று சொல்லித் தலை நிமிர்ந்து பெறுவது உரிமை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் சேரிக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. "எல்லாம் அவரவர் விதி, முற்பிறப்பின் வினை" என்பார்கள். மூத்தவன் பற்றறுத்துக் காட்டுக்குச் செல்வதே அறம் என்று பழைய நூல் சொல்வதாகவும் காட்டுவார்கள். பற்றறுக்க முதலில் ஏதாவது இருக்க வேண்டாமா? ஒரு குழி நிலமும் இல்லாதவன் எதைத் துறப்பான்? விதி என்றால் அது ஏன் மிராசுதாரரின் முதுமையைத் தொடுவதில்லை? தொண்ணூறு வயதிலும் குத்தகை நெல் அவர் வீட்டுக் குதிருக்குத் தானே வந்து சேர்கிறதே. நிலத்துக்கு மூப்பில்லை, பத்திரத்துக்கு மூப்பில்லை, உழைப்புக்கு மட்டும்தான் மூப்பா? கூலி கொடுக்காதவன் கண்டுபிடித்த பெயர்தான் விதி. கணக்குப் புத்தகத்தில் காணாமற்போனதை வானத்தில் தேடச் சொல்லுகிறார்கள்.

"மகன் காப்பாற்றட்டும்" என்பார் இன்னொருவர். 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் வந்தது. மகன் காப்பாற்ற வேண்டும், ஐயமில்லை. ஆனால் கூலியின் மகன் கூலி. முப்பது ஆண்டு உழைப்பின் பயனை ஒருவர் எடுத்துக்கொள்ள, முதுமையின் பொறுப்பை மட்டும் இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றுவதா? விளைச்சல் ஊருக்கு, விளைவித்தவன் வீட்டுக்கா?

நேர்மையான மறுப்பு ஒன்றுண்டு. அதற்கு விடை சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம். "இரண்டு ஏக்கர் சாகுபடி செய்பவன் தானே கடனில் மூழ்கியிருக்கிறான். மேட்டூரில் நீர் இல்லையென்றால் குறுவை இல்லை. மழை மிஞ்சினால் சம்பா இல்லை. அவன் எப்படி ஓய்வூதியம் கொடுப்பான்?" உண்மை. அவனைக் கொடுக்கச் சொல்லவில்லை. முதிய கூலியையும் சிறு விவசாயியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது பெருமுதலைகளின் பழைய தந்திரம். அந்த வலையில் நாம் விழமாட்டோம்.

வழி இல்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளரும் ஊர் ஊராய், முதலாளி மாறி முதலாளி, நாட்கூலிக்குப் போகிறவர்களே. யார் முதலாளி என்று சுட்ட முடியாத அவர்களுக்காக 1996-இல் நாடு ஒரு வழி கண்டது: கட்டும் கட்டடத்தின் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வை; அது நல வாரியத்தின் நிதி. செங்கல்லுக்கு முடிந்தது நெல்லுக்கு முடியாதா? டெல்டா நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் மூட்டை மூட்டையாய் அளக்கப்படுகிறது. அங்கே மூட்டைக்கு இவ்வளவு என்று, விவசாயி பெறும் விலையில் ஒரு காசும் குறைக்காமல், கொள்முதல் செய்யும் அரசும் அரிசி வாணிபமும் நிதி கட்டட்டும். அறுவடை இயந்திர வாடகையில் உரிமையாளர் ஒரு பங்கு கட்டட்டும். இயந்திரம் எடுத்த வேலைக்கு இயந்திரமே ஈடு தரட்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: வயலில் உழைத்த ஒவ்வொருவர் பெயரும் ஊராட்சியில் பதியப்பட வேண்டும், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதே ஓய்வூதியத்துக்கு அளவுகோல் ஆக வேண்டும். ஆதரவற்றவரா என்ற கேள்வி அகல வேண்டும். சேற்றில் உழைத்தவருக்கு ஓய்வு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பணிக்கொடைப் பட்டியலில் நெல் வயல் ஏற வேண்டும். வேலை உறுதித் திட்டம் நிறுத்தப்படும் 60 நாளிலும் முதியவர்க்கு வேலையோ ஊதியமோ தரப்பட வேண்டும். அரசியல் சட்டம் விலக்கிய பாகுபாடுகளின் வரிசையில் வயதும் சேர வேண்டும்.

இளைஞனே! "எனக்கு என்ன? நான் இளையவன்" என்று எண்ணிவிடாதே. மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வரும் இளைஞனும் உன் பகைவன் அல்லன். அவனும் ஒரு நாள் கூப்பிடப்படாமல் போகிறவனே. பிறப்பைக் காட்டி ஒருவனைத் தள்ளுவது அநீதி என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது, கற்றோம், ஊரெங்கும் சொன்னோம். பிறப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூப்பையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்றை எதிர்த்த வாய் மற்றொன்றுக்கு மௌனம் சாதித்தால், அது பகுத்தறிவு ஆகாது, பாதி அறிவு.

மேடையில் பேசினால் மட்டும் போதாது. மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் நாள் அது. அதற்கு முன் தெருத்தெருவாய்ச் செல்லுங்கள். இனி அழைப்பு வராத வீடுகள் எவை என்று கேளுங்கள். அவர் பெயர், உழைத்த ஆண்டு, உழைத்த வயல், அனைத்தையும் எழுதுங்கள். எழுதப்படாத உழைப்பைத்தான் இதுவரை ஏய்த்தார்கள். எழுதி, சபையில் படித்து, தீர்மானமாக்குங்கள். அந்தப் பட்டியல் நீளும்போது, பிச்சைக்காரர் பட்டியலாக அது இராது. தமிழ்நாட்டுக்குச் சோறிட்டவர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடனின் பட்டியலாக இருக்கும்.

கடன் கேட்க வருகிறவர் கை நீட்டுவதில்லை, கணக்கை நீட்டுகிறார். அந்தக் கணக்கை எழுதும் கை உங்களுடையதாகட்டும்!